பதினாலாம் கட்டையின் பாஸ்டர்

பூச்சோங்கின் பழைய ஆட்களிடம் வழி கேட்டால் இன்றும் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். எட்டாம் கட்டை, பன்னிரண்டாம் கட்டை, பதிமூன்று, பதினாலு. கோலாலம்பூரிலிருந்து மைல் மைலாக எண்ணிக்கொண்டு வந்த பழைய பூச்சோங் சாலையின் கணக்கு அது. பதினாலாம் கட்டைதான் எங்களுக்குப் பட்டணம். சம்பளம் போட்ட வாரம் அப்பா அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் எல்லாம் அங்கேதான் வாங்குவார். கடைத்தெருவைத் தாண்டினால் கித்தா எனும் ரப்பர் மரம், செம்பனை, ஈயம் தோண்டி முடித்துக் கைவிட்ட குட்டைகள். அந்தக் குட்டையில் குளிக்கப் போகாதே என்று சொல்லாத தாய் எங்கள் தோட்டத்து லயத்தில் கிடையாது. போகாத பையனும் கிடையாது.

1990களில் எல்லாம் கண்முன்னே மாறியது. கின்ராரா தோட்டம் பண்டார் கின்ராரா ஆனது. பூச்சோங் ஜெயா எழும்பியது. 1996இல் ஐ.ஓ.ஐ. மால் திறந்தார்கள். 1999இல் டமன்சாரா - பூச்சோங் நெடுஞ்சாலை வந்தது. காசல்பீல்ட் தோட்டத்தின் பெயர் இன்று தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில் நிற்கிறது. 2016இல் எல்.ஆர்.டி. ரயிலும் வந்துவிட்டது. பண்டார் புத்ரியில் இறங்கி நடந்தால் கொரியா உணவகமும் காப்பிக் கடையும்தான் கண்ணில் படும். இங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகை இருந்தது, காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக் களம் இருந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்ல வேண்டியவர்கள் அங்கே குடியிருக்கவில்லை.

அவர்கள் எங்கே போனார்கள் என்பது தெரிந்த மனிதர் ஒருவர் இருந்தார். எங்கள் பாஸ்டர். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. தன் பெயரில் கட்டடமோ நிதியோ நினைவு மலரோ எதுவும் வேண்டாம் என்று கைப்பட எழுதிவைத்துவிட்டுப் போனவர் அவர். அந்த விருப்பத்தை மீற எனக்கு மனமில்லை. ஆனால் அவர் நடந்த தெருக்களைப் பற்றி எழுத வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

தோட்டம் கைமாறியபோது குடும்பங்கள் மூன்று வழியாகப் பிரிந்தன. கையில் கொஞ்சம் இ.பி.எப். சேமநிதிப் பணம் இருந்தவர்கள் தாமான் குடியிருப்பில் வீட்டுக்கு முன்பணம் கட்டினார்கள். உறவுக்காரர் இருந்தவர்கள் கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் போனார்கள். மிச்சம் இருந்தவர்கள், அவர்களே அதிகம், ரூமா பாஞ்சாங் என்ற பலகைத் தொடர்வீடுகளில் தற்காலிகம் என்று குடியேறி, வருடக் கணக்கில் அங்கேயே கிடந்து, பிறகு மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு ஏறினார்கள். லயத்தில் வீட்டு வாசலில் முருங்கை வைத்திருந்த பாட்டி நான்காவது மாடியில் கம்பிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். தோட்டத்தில் இருந்தவரை வேலை, வீடு, தண்ணீர், பிள்ளைப்பள்ளி, கோயில், மருந்துச்சாலை எல்லாம் ஒரே வளாகத்தில். அங்கிருந்து பெயர்த்தபோது வேலை மட்டும் போகவில்லை, இத்தனையும் ஒரே நாளில் போயின. நகரத்துச் சபைகளில் பலருக்கு இது புரியவில்லை. "ஏன் இவர்கள் பிள்ளைகள் இப்படி ஆகிவிட்டார்கள்" என்று வருத்தப்பட்டார்கள், ஜெபித்தார்கள். பாஸ்டர் அந்த மாடிகளில் ஏறினார்.

எங்கள் சபை பதினாலாம் கட்டைப் பக்கம் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருந்தது. கீழே டயர் கடை. சிலாங்கூரில் சிறிய சபைகளுக்கு ஆலய நிலம் கிடைப்பது எளிதல்ல. கிடைத்தாலும் கட்ட அனுமதி கிடைத்து முடிப்பதற்குள் ஒரு தலைமுறை போய்விடும். அதனால்தான் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க மளிகைக் கடைக்கு மேலேயும் டியூஷன் சென்டருக்குப் பக்கத்திலும் ஞாயிற்றுக்கிழமை பாட்டு கேட்கிறது. எங்களுடையதில் மடக்கு நாற்காலிகள், சுவரோடு பிணைத்த மின்விசிறிகள், ஓர் ஆர்மோனியப் பெட்டி, ஒரு மிருதங்கம். கீழே டயர் கழற்றும் இயந்திரம் 'டர்ர்' என்று சத்தம் போட்டால் பாஸ்டர் வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி, அது ஓய்ந்ததும் அதே சொல்லில் இருந்து தொடர்வார். டயர் கடைச் சீனப் பெரியவர் பிறகு தாமாகவே ஞாயிறு பத்து மணி முதல் பன்னிரண்டு வரை அந்த இயந்திரத்தை ஓட்டாமல் விட்டார். பாஸ்டர் கேட்கவேயில்லை. அந்தப் பெரியவரின் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பாஸ்டர் வாரம் தவறாமல் போய்ப் பார்த்தார், அவ்வளவுதான்.

பாஸ்டர் பால்வெட்டுக்காரரின் மகன். இளவயதில் தோட்டத்து மருந்துச்சாலையில் டிரஸ்ஸருக்கு உதவியாளாக இருந்தவர். புண் கழுவிக் கட்டுவது, கொய்னா மாத்திரை கொடுப்பது, காய்ச்சல்காரர் நெற்றியில் ஈரத்துணி போடுவது எல்லாம் அந்தக் கைக்குப் பழக்கம். பிறகுதான் இறையியல் படித்து ஊழியத்துக்கு வந்தார். நோயாளியைப் பார்க்கப் போனால் பைபிளைத் திறப்பதற்கு முன் நாடியைப் பிடித்துப் பார்ப்பார். கால் வீங்கியிருந்தால் விரலால் அழுத்திப் பார்ப்பார். "சுகர் செக் பண்ணி எத்தனை மாசம் ஆச்சு?" என்று கேட்பார். அதற்குப் பிறகுதான் சங்கீதம்.

அவருடைய அப்பா அவரைச் சிறுபையனாக பஸ் ஏற்றி பிரிக்பீல்ட்ஸ் சீயோன் லுத்தரன் ஆலயத்துக்கு அழைத்துப்போனதை அடிக்கடி சொல்வார். 1924இல் எழுந்த ஆலயம் அது. ரயில்வே குவார்ட்டர்ஸ் ஆட்கள் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்து தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனையைத் தாளம் பிசகாமல் பாடியதைக் கேட்டு வாயடைத்து நின்றாராம். "அதுவரைக்கும் சாமிப் பாட்டுன்னா தோட்டத்து மாரியம்மன் கோயில் உடுக்கைன்னுதான் நெனைச்சிருந்தேன் தம்பி. ரெண்டும் என் காதுல இருக்கு. ரெண்டையும் நான் தள்ளல." இந்தக் கடைசி வாக்கியத்துக்காகச் சிலர் அவரைக் குறை சொன்னார்கள். அவர் தணிந்த குரலில், ஆனால் அழுத்தமாகவே, அதையே திரும்பச் சொன்னார்.

பெர்க்மான்ஸ் அடிகளாரின் பாட்டுகள் மலேசியா முழுக்கப் பரவிய காலத்தில் எங்கள் இளைஞர்கள் கீபோர்டு வாங்கினார்கள், டிரம்ஸ் கேட்டார்கள். பாஸ்டர் டிரம்ஸுக்கும் சம்மதித்தார். ஒரே நிபந்தனை: ஞாயிறுதோறும் ஒரு கீர்த்தனையாவது இருக்க வேண்டும், அதைத் தொடங்குவது எழுபது வயதைத் தாண்டியவராக இருக்க வேண்டும். பால்வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டி, எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆறு சரணம் கொண்ட கீர்த்தனையை மனப்பாடமாக எடுத்துவிடுவார். கீபோர்டு பையன் ஸ்ருதி தேடி அலைவான். பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். அந்தப் பையன்தான் இப்போது சபையின் பாடகர் குழுவை நடத்துகிறான். அத்தனை கீர்த்தனையும் அவனுக்குத் தெரியும்.

நான் சிரம்பானில் படித்தேன். எஸ்.டி.எம். என்று எல்லாரும் சொல்லும் செமினாரி தியோலோஜி மலேசியா, 1979இல் தொடங்கப்பட்ட கல்லூரி. தமிழிலும் இறையியல் படிக்க வழி உள்ள இடம். அங்கே எனக்கு நல்ல ஆசிரியர்கள் கிடைத்தார்கள். எபிரேயத்தில் கொஞ்சம் எழுத்துக்கூட்டவும் திருச்சபை வரலாற்றைக் காலவரிசையில் சொல்லவும் வந்தது. பூச்சோங்குக்குத் திரும்பி பாஸ்டருக்கு உதவியாளனாகச் சேர்ந்தபோது அவர் எனக்குப் பிரசங்கம் தரவில்லை. பைபிள் வகுப்பும் தரவில்லை. "திங்கட்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு வா. நல்ல செருப்பு போட்டுக்க. மாடி ஏறணும்" என்றார்.

அந்தத் திங்கட்கிழமைகள்தான் என் இரண்டாவது கல்லூரி. பூச்சோங் பெர்டானா ஃபிளாட்டுகளில் லிஃப்ட் வேலை செய்தாலும் அவர் படியில்தான் ஏறுவார். லிஃப்ட்டில் போனால் ஒரே வீட்டைப் பார்க்கலாம், படியில் போனால் மாடிக்கு நாலு வீட்டைப் பார்க்கலாம் என்பது அவர் கணக்கு. யார் வீட்டு வாசலில் செருப்பு இல்லை, யார் வீட்டில் பகலிலும் விளக்கு எரிகிறது, எந்தக் கதவில் கடன்காரன் சிவப்பு மை அடித்துவிட்டுப் போயிருக்கிறான் என்று பார்த்துக்கொண்டே ஏறுவார். ஆலோங் என்ற வட்டிக்காரர் தொல்லை அந்த மாடிகளில் சாதாரணம். சிவப்பு மையைக் கண்டால் அந்த வீட்டில் அன்று உட்காராமல் போகமாட்டார்.

வீட்டுக்குள் அவருக்கென்று ஒழுங்கு உண்டு. கொடுத்த இடத்தில் உட்கார வேண்டும். நாற்காலி கொடுத்தால் நாற்காலி, பாய் கொடுத்தால் பாய். கோப்பி வந்தால் மீதம் வைக்காமல் குடிக்க வேண்டும், அன்று அது ஏழாவது கோப்பி என்றாலும். டி.வி.யை நிறுத்தச் சொல்லக் கூடாது. வீட்டுக்காரர் பேசி முடிக்கும்வரை வேதவசனம் எடுக்கக் கூடாது. "அவங்க பேசுறதே பாதி ஜெபம். நீ நடுவுல குறுக்க வராத." புறப்படும்போது செய்கிற ஜெபம் இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாது. அதில் அந்த வீட்டில் இருக்கும் ஒவ்வொருவர் பெயரும் இருக்கும். சிறையில் இருப்பவன் பெயரையும் சேர்த்துச் சொல்வார். பெற்ற தாயே ஊரார் முன்னால் உச்சரிக்கத் தயங்கிய பெயர்களை அவர் உரக்கச் சொல்லி ஜெபித்ததை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

வெளியே வந்து படியில் நின்று சட்டைப் பையிலிருந்து 555 எடுப்பார்.

மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு 555 நோட்டு என்றால் தெரியும். உள்ளங்கை அகலம், மெல்லிய தாள், அட்டையில் பெரிதாக மூன்று ஐந்து. மளிகைக் கடையில் கடன் எழுதும் நோட்டு. தோட்டத்துக் கடைகளில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று ஆணியில் தொங்கும். சம்பள நாளில் கணக்குத் தீரும், மறுநாளே மறுபடி தொடங்கும். அந்த நோட்டில்தான் பாஸ்டர் தன் சபையை எழுதிவைத்திருந்தார். பென்சிலால், பொடி எழுத்தில், தமிழும் மலாயும் கலந்து. ஒரு பக்கத்துக்கு ஒரு வீடு. மேலே புளோக்கும் மாடியும் கதவு எண்ணும். கீழே: "அம்மா சுகர். இடது கால் புண். ஆற வைக்கணும்." அடுத்த வரி: "பெரிய மகன் சிம்பாங் ரெங்கம். கடுதாசி போடணும்." அடுத்தது, தொடக்கப்பள்ளிப் பரீட்சை பற்றி: "சின்னவள் யு.பி.எஸ்.ஆர். கணக்கு வீக்." அதற்கும் கீழே ஒரே சொல்: "அரிசி." வேலை முடிந்தால் அந்த வரியை அடிக்க மாட்டார், பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி வைப்பார். மரித்தவர் பெயரையும் அடிக்க மாட்டார். தேதி மட்டும் எழுதுவார், வருடம் தவறாமல் அந்தத் தேதியில் அந்த வீட்டுக்குப் போவதற்காக.

சிம்பாங் ரெங்கம் என்ற பெயர் அந்த நோட்டுகளில் நிறைய. ஜொகூரில் உள்ள தடுப்புக் காவல் முகாம். விசாரணை இல்லாமல் தடுத்து வைக்கும் சட்டங்கள் கடுமையாக இருந்த காலத்தில் பூச்சோங் ஃபிளாட்டுப் பையன்கள் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். பாஸ்டர் அவர்களுக்கு எழுதுவார். உபதேசம் இருக்காது. தங்கச்சி பரீட்சை முடிந்தது, மாமாவுக்கு லோரி வேலை கிடைத்தது, கீழ்வீட்டுப் பூனை குட்டி போட்டது என்று வீட்டுச் சேதிதான். அப்படிக் கடிதம் வாங்கி, வெளியே வந்து, இன்று சொந்தமாக ஏர்கோன் பழுதுபார்க்கும் தொழில் செய்பவர் ஒருவர் எங்கள் சபையில் மூப்பர். "வெளியில வந்தப்போ வீட்டுல என்ன நடந்துச்சுன்னு எல்லாம் எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அந்நியனா வந்து நிக்கல" என்று அவர் சொல்லியிருக்கிறார். மனம் திரும்புதலைப் பற்றி நான் படித்த புத்தகங்களில் இதற்கு இணையான வாக்கியம் இல்லை.

நோட்டில் இருந்த வீடுகளில் பாதி கிறிஸ்தவ வீடுகள் அல்ல. முதல் மாதங்களில் இது எனக்கு வியப்பாக இருந்தது. சாமி மாடத்துக்குக் கீழே உட்கார்ந்து கோப்பி குடிப்பார். அந்த வீட்டுச் சாவுக்கு முதல் ஆளாகப் போய் நாற்காலி இறக்குவார். சடங்கு நடக்கும்போது வெளியே மரத்தடியில் மரியாதையாக நின்றிருந்து, சவம் புறப்படும்போது கூட நடப்பார். யாரையும் மதம் மாற்ற அவர் உட்கார்ந்ததாக நான் பார்த்ததில்லை. தன் சுவிசேஷத்தைக் கேட்டவர்களுக்கு அவர் மறைத்ததும் இல்லை. கேட்டால் சொல்வார், தெளிவாக, வெட்கப்படாமல். கேட்காதவர்களுக்கு அரிசியும் மருந்தும் பரீட்சைக் கணக்கும்.

திருமண விஷயத்தில் மட்டும் அவர் இளகவே மாட்டார். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. தோட்டத்து மக்களுக்கு அது மனத்தில் ஏறவில்லை. கோயிலில் தாலி கட்டியாயிற்று, ஊர் சாப்பிட்டாயிற்று, பிறகு என்ன பதிவு? பதிவில்லாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளை சட்டத்தின் பார்வையில் தாயின் குடியுரிமையைத்தான் பின்பற்றும். தாயிடம் நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டை என்றால், அல்லது எந்த அட்டையுமே இல்லை என்றால், தகப்பன் குடிமகனுக்கான நீல அட்டைக்காரனாக இருந்தும் பிள்ளைக்கு நாடில்லை. ஏழு வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகும்போதுதான் வீட்டுக்கே விஷயம் தெரியும். இதை அவர் எத்தனை வாசலில் நின்று விளக்கினார் என்பதற்கு அளவில்லை. கிறிஸ்தவ ஜோடியோ இந்து ஜோடியோ, கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தால் முதல் கேள்வி "ரெஜிஸ்டர் எப்போ?" என்பதுதான். பதில் தடுமாறினால் அன்று பத்திரிகையை வாங்க மாட்டார்.

2001 மார்ச்சில் பக்கத்துக் கம்போங் மேடானில் இனக் கலவரம் மூண்டது. 6 பேர் இறந்தார்கள். வெட்டுப்பட்டும் அடிபட்டும் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் ஏராளம். பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய ஏழைக் குடியிருப்புகள் அவை. எங்கள் ஃபிளாட்டுகளைப் போலவே தோட்டத்திலிருந்து வந்தவர்களும் கிராமத்திலிருந்து வந்த மலாய்க்காரர்களும் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த இடம். அந்த இரவுகளில் பூச்சோங்கில் வதந்தி போனைவிட வேகமாகப் பறந்தது. பையன்கள் மோட்டார் சைக்கிளில் புறப்படத் துடித்தார்கள். பாஸ்டர் ஃபிளாட்டின் கீழே, மோட்டார் நிறுத்துமிடத்தின் வாயிலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டாம் மாடி மலாய்க்காரப் பெரியவர், சூராவ் என்ற தொழுகைக்கூடத்தின் செயலவையில் இருப்பவர், தன் நாற்காலியையும் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. யாராவது பையன் வந்தால் பெரியவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எங்கே போகிறாய் என்று மலாயில் கேட்பார். பாஸ்டர் அதையே தமிழில் கேட்பார். விடியும்வரை அந்த வாயிலை யாரும் தாண்டவில்லை.

2015 ஏப்ரலில் தாமான் மேடானில் ஒரு கடைவீட்டுச் சபையின் சிலுவையை எதிர்த்துச் சிலர் ஆர்ப்பாட்டம் செய்ய, அந்தச் சபை சிலுவையை இறக்கிவிட்டது. செய்தி நாடெங்கும் தீயாகப் பரவியது. எங்கள் இளைஞர்கள் கொதித்தார்கள். நம் மாடியிலும் இன்னும் பெரிய சிலுவை வைக்க வேண்டும் என்றார்கள். நான் பாஸ்டர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் அந்தச் சபையைக் கோழை என்று சொல்லவில்லை. அந்த ஞாயிறு அவர்களுக்காக ஜெபித்தார்; மறுநாள் அங்கே நேரில் போய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். எங்கள் சிலுவை முன்பு இருந்த இடத்தில் முன்பு இருந்த அளவிலேயே இருந்தது. உரிமை நமக்கு உண்டு, அதை வக்கீல் வைத்துக் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்போம். ஆனால் அக்கம்பக்கத்தாரைப் பயமுறுத்த சிலுவையைப் பெரிதாக்குவது என்ன விசுவாசம் என்று கேட்டார். நான் அவரிடம் கற்றதிலேயே கடினமான பாடம் இது. இன்னும் எனக்கு முழுதாக வசப்படவில்லை.

பிரசங்கம் செய்ய அவர் என்னை விட்டபோது அதற்கும் ஒரு பழக்கம் வைத்தார். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி வாக்கில் போன் வரும். "நாளைக்கு யாருக்கு?" என்ன வசனம், என்ன தலைப்பு என்று கேட்கவே மாட்டார். நாளை உட்கார்ந்திருக்கப் போகிறவர்களில் ஒருவர் பெயரை நான் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து நேற்று வந்த அக்கா, வேலை நின்றுபோன அண்ணன், கணவன் அடித்து முகம் வீங்கி முக்காடு போட்டுக்கொண்டு வருகிறவர். "சரி, அவங்களுக்குப் பேசு. மத்தவங்க கேட்டுக்குவாங்க." போன் வைத்துவிடுவார். நூறு பேருக்குப் பேசுவது என்ற எண்ணம் பிரசங்கிக்குள் எத்தனை பொய்களைக் கொண்டுவருகிறது என்பதை அந்தச் சின்னக் கேள்வி எனக்குக் காட்டியது. பிரசங்கத்துக்கு இருபது நிமிடம். இருபத்தொன்றானால் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாஸ்டர் எழுந்து ஒரு ஜன்னலைத் திறப்பார், பிறகு இன்னொன்றை.

நல்ல அழைப்புகள் அவருக்கு வந்தன. பெரிய சபை, கார், பாஸ்டரேஜ் வீடு. அவர் மனைவி, நாங்கள் பாஸ்டர் அம்மா என்று அழைப்பவர், முட்டிவலிக்காரர். படி இல்லாத வீடு அவருக்கு எவ்வளவு தேவை என்பது எங்களுக்கே தெரியும். அம்மாவே வேண்டாம் என்றுவிட்டார். "இவங்க எல்லாம் ஒரு தடவ எடம் மாறினவங்க. நாமளும் விட்டுட்டுப் போனா எப்படி?" அந்த ஊழியத்தில் பாதி அவருடையது என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். ஆறு பிள்ளைகளுக்குத் தினமும் மாலை அவர் வீட்டு ஹாலில் கணக்கு ட்யூஷன் நடந்தது. நோட்டில் "கணக்கு வீக்" என்று எழுதியது பாஸ்டர். புள்ளி வைக்க வைத்தது அம்மா.

2020 அக்டோபர் 28ஆம் தேதி கர்தினால் சோத்தர் பெர்னாண்டஸ் காலமான செய்தி வந்தபோது பாஸ்டர் வெகுநேரம் மௌனமாக இருந்தார். சுங்கை பட்டாணியில் பிறந்தவர், இருபது ஆண்டுகள் கோலாலம்பூர் பேராயர், 2016இல் மலேசியாவின் முதல் கர்தினால். பாஸ்டர் கத்தோலிக்கர் அல்ல. ஆனால் அந்தக் கர்தினாலைப் பற்றி அவர் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது பதவியை அல்ல. 2003இல் பேராயர் பொறுப்பை விட்டபின் அவர் பினாங்குக் குருமடத்துக்குப் போய் இளம் மாணவர்களுக்கு ஆன்ம வழிகாட்டியாக இருந்தார். கடைசிக் காலத்தைச் செராஸில் கன்னியர் நடத்தும் முதியோர் இல்லத்தில் கழித்தார். "பெரிய மேசையிலிருந்து எழுந்தவரு நேரா பசங்ககிட்ட போயி உட்கார்ந்தாரு பார்த்தியா தம்பி? அதுதான் ஊழியம் முடிக்கிற விதம்." அப்போது பாஸ்டருக்கும் எழுபது கடந்துவிட்டது. நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சபைப் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார். திங்கட்கிழமைப் படிகளை மட்டும் கொடுக்கவில்லை.

ஆனால் பெருந்தொற்று அவற்றையும் அதற்கு முன்பே நிறுத்தியிருந்தது. 2020 மார்ச் 18இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாடு விட்டு விட்டு நீண்டது. பாஸ்டர் போனில் வீடுகளை அழைத்தார், 555ஐ முதல் பக்கத்திலிருந்து. 2021 ஜூன் கடைசியில் சாப்பாட்டுக்கு வழியில்லாத வீடுகள் வெள்ளைக் கொடி கட்டலாம் என்ற இயக்கம் நாடெங்கும் பரவியது. ஃபிளாட்டுகளின் ஜன்னல்களில் வெள்ளைத் துணிகள், தலையணை உறைகள், பழைய சட்டைகள். நாங்கள் அரிசியும் டின்பாலும் முட்டையும் கொண்டு போனோம். கொடியில்லாத வீடுகளின் பட்டியலை பாஸ்டர் போனில் சொன்னார். "அந்த வீட்டுல கொடி கட்ட மாட்டாங்க. மானஸ்தங்க. கதவத் தட்டி, இது போன மாச பாக்கின்னு சொல்லிக் குடு." ஒவ்வொரு வீடாக அவர் சொன்னது சரியாக இருந்தது. படி ஏறி இருபது வருடம் சேர்த்த அறிவு அது. எந்தச் செயலியிலும் ஏறாதது.

அந்த ஆகஸ்டில் நெஞ்சுவலி வந்து அவர் போய்விட்டார். கொவிட் இல்லை என்றாலும் அடக்கத்துக்குச் சிலர்தான் நிற்க முடிந்தது. ஆயிரம் பேர் வரவேண்டிய சாவு. மிச்சப் பேர் போன் திரையில் பார்த்தார்கள். பிறகு கேள்விப்பட்டேன்: சவவண்டி கடந்துபோகும் பாதையைத் தெரிந்துகொண்டு டயர் கடைப் பெரியவரின் மகன் கடையை மூடிவிட்டு ஊழியர்களோடு வாசலில் நின்றானாம். அந்த இரண்டாம் மாடிப் பெரியவர் அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். அவர் அடக்கத்துக்கு பாஸ்டர் போயிருந்தார்.

நோட்டுகளை பாஸ்டர் அம்மா ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு என்னிடம் கொடுத்தார். மெழுகுத்தாளில் சுற்றி ரப்பர் வளையம் போட்டிருந்தது. அதிகம் புரண்ட கடைசி நோட்டில் புள்ளி வைக்காத வரிகள் நிறைய இருந்தன. ஒன்றை மட்டும் சொல்கிறேன். பதிமூன்றாம் கட்டைப் பக்கத்து ஃபிளாட்டில் ஒரு பெண்பிள்ளை. தாய் தகப்பன் கோயிலில் தாலி கட்டியதோடு சரி. தாய்க்கு அட்டை இல்லை. பிள்ளைக்கு சூராட் பெரானாக் என்ற பிறப்புப் பத்திரத்தில் 'குடிமகன் அல்லாதவர்' என்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கெஞ்சிச் சேர்த்தது பாஸ்டர். அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ், வயது வரம்பைத் தாண்டுவதற்குள் சிறப்புச் சூழ்நிலை காட்டிக் குடியுரிமை கேட்கலாம். விண்ணப்பத்தை பாஸ்டர் எழுதினார், முதல் முறை அது திரும்பி வந்தது. காரணம் எழுதியிருக்கவில்லை. இரண்டாவது முறைக்கான தாள்களை அவர் சேர்த்துக்கொண்டிருந்தார்: தகப்பனின் பிறப்புப் பத்திரம், தோட்டத்து மருந்துச்சாலைப் பதிவின் நகல், பள்ளித் தலைமையாசிரியர் கடிதம், பிறந்ததிலிருந்து பார்த்த மூன்று அண்டை வீட்டாரின் சத்தியக் கடிதங்கள். அந்த மூவரில் ஒருவர் அந்த மலாய்ப் பெரியவரின் மனைவி.

அந்தத் தாள்களோடு ஒரு வக்கீல் அம்மாவைப் பார்த்து, குறையாக இருந்த மரபணுப் பரிசோதனையையும் சபையின் காணிக்கையில் செய்து, விண்ணப்பத்தை மறுபடி புத்ராஜெயாவில் கொடுத்திருக்கிறோம். பதில் வரவில்லை. அந்தப் பெண் இப்போது ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாள். தாதியாக வேண்டும் என்று ஆசை; அட்டை இல்லாமல் கல்லூரி எடுக்காது. அடுத்த திங்கட்கிழமை அவள் வீட்டுக்குப் போக வேண்டும். தகப்பனார் இன்னொரு கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது, வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்குத்தான் வருவாராம்.